ஊதியமில்லாப் பயிற்சி நியாயமாமோ?

நமது சங்கத்து அங்கத்தினர்களிற் பலர், தம் மக்களைப் பட்டப் பரீக்ஷையில் தேறச் செய்து ஏதேனுமோர் உத்தியோகத்தில் அமர்த்த முயலுங்கால், "முதலில் ஆறு மாதம் சம்பளமின்றி வேலை பழகட்டும், பிறகு பார்ப்போம்" என்னும் மறுமொழியையே கேட்டுத் திரும்புகின்றனர். இக்காலத்தார் இதனை 'இன்டர்ன்ஷிப்' என வழங்குவர். பெயர் புதிதேயன்றி வழக்கம் புதிதன்று. ஆதலின், இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, இது நியாயமாமோ என்பதை நம்மவர் முன் வைக்கத் துணிந்தோம்.

சென்னை இராஜதானியில் கும்பினியார் காலந்தொட்டே, கலெக்டர் கச்சேரிகளிலும் தாலுகாக் கச்சேரிகளிலும் சம்பளமின்றி எழுத்து வேலை பழகிய வாலிபர் பலர் இருந்தனர். அவர்கட்கு 'உமேதுவார்' என்று பெயர். அப் பாரசீகச் சொல்லுக்கு நம்பிக்கையோடு காத்திருப்பவன் என்பது பொருள். கணக்குப் பிரதி செய்தலும், கடிதங்களைப் படியெடுத்தலும் அவர்கள் தொழில். ஓர் இடம் காலியாகுமென்று மாதக் கணக்கிலும், சிலர் வருஷக் கணக்கிலும் காத்திருந்தனர்.

இவ்வாறு காத்திருக்க வல்லார் யாவர்? வீட்டில் நெல்லும் நிலமும் உடையார். அல்லது அக்கச்சேரியிலேயே சிற்றப்பனையோ மாமனையோ உடையார். சோற்றுக்கில்லாதவன் ஒரு மாதங்கூட நிற்கவியலாது. எனவே, எவரையும் தடுக்கும் சட்டம் ஒன்றுமின்றியே ஏழைகட்குக் கதவு அடைபட்டது. அன்றியும், சம்பளமில்லாதவன் கையில் சர்க்கார் காகிதம் இருக்குமாயின், அதனைக் கொண்டு வயிறு வளர்க்க நினைத்தல் இயல்பே. கூலி கொடாத இடத்தில் கைக்கூலி முளைப்பதில் வியப்பென்ன?

இதற்கு மாறானதோர் உதாரணத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். 1832-ம் வருஷத்திற் பிறந்த திருவாரூர் முத்துசாமி ஐயர், இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்கமர்ந்தார். அவரே பிற்காலத்தில் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். அந்த ஒரு ரூபாய் அற்பமே. ஆயினும் அது ஓர் ஏழைத் தாயின் அடுப்பில் உலையேற்ற உதவிற்று. அதுவுமின்றிக் காத்திரு என்றிருப்பின் அச்சிறுவன் என் செய்திருப்பான் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

"முற்காலத்தில் குருகுலவாசம் செய்த மாணாக்கன் சம்பளம் கேட்டானா?" என்று சிலர் வினவக்கூடும். கேட்கவில்லை, உண்மையே. ஆனால் அவன் ஆசிரியர் வீட்டிலேயே உண்டான்; அங்கேயே உறங்கினான். இக்காலத்து முதலாளியோ சோறும் தருவதில்லை, உறைவிடமும் தருவதில்லை. பல இடங்களிற் கல்வியுந் தருவதில்லை. குருகுலத்தின் பெயரை மாத்திரம் எடுத்துக்கொண்டு, குருவின் கடமையை விட்டுவிடுதல் முறையாகாது.

பயிற்சி எது, வேலை எது என்று பகுத்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டார் 1947-ம் வருஷத்தில் அத்தகையதொன்றைக் கூறினர். போர்ட்லண்ட் டெர்மினல் என்னும் இரயில்வே கம்பெனியார், பிரேக் வேலைக்கு வருவோரை ஏழெட்டு நாட்கள் சம்பளமின்றிப் பழக்கினர். பழகுவோர் நிலையான வேலைக்காரர் எவரையும் நீக்கி அவரிடத்தில் நிற்கவில்லை. அவரால் கம்பெனி வேலை விரைவு பெறாததோடு, சிலவேளை தடையுமுற்றது. ஆதலின் அவர்கட்குக் கூலி கொடுக்கவேண்டுவதில்லை எனத் தீர்ப்பாயிற்று. பிற்காலத்தில், ஒரு சினிமாப் படத்துக்குச் சம்பளமின்றி உழைத்தவர்கள் 2011-ல் வழக்கிட, 2013-ல் கீழ்க்கோர்ட்டு அவர்களை வேலைக்காரரென்றே கொண்டது. 2015-ல் அப்பீல் கோர்ட்டு அதனை மாற்றி, பயன் முதன்மையாக எவரைச் சேர்கின்றதென்பதையே நோக்கவேண்டுமென விதித்தது. 2018-ல் அந்நாட்டுத் தொழில் இலாகாவும் அதனையே மேற்கொண்டது. பழகுபவனால் முதலாளிக்குச் செலவே மிகுமாயின் அது பயிற்சி. அவன் உழைப்பால் இலாபம் மிகுமாயின் அது வேலை. வேலைக்குக் கூலி வேண்டும் என்பதே இவற்றால் யாம் கொள்ளும் சாரம்.

நமது தேசத்தில் 1961-ம் வருஷத்துத் தொழிற் பழகுநர் சட்டம், தன் எல்லைக்குட்பட்ட தொழில்களிற் பழகுவோருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தே தீரவேண்டுமென விதித்தது. ஆயினும் அவ்வெல்லைக்கு வெளியே பழைய வழக்கமே தொடர்ந்தது. பெரிய வக்கீல்களிடம் ஜூனியராகச் சேர்ந்த வாலிபர் பலர், பஸ் கட்டணத்துக்கும் வீட்டை நோக்கி நின்றனர். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஐகோர்ட்டார், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோயமுத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு வக்கீல் சபையாருக்குக் கட்டளையிட்டனர். முத்துசாமி ஐயர் வீற்றிருந்த அதே நீதிமன்றத்தினின்று இவ்வுத்தரவு பிறந்தது நினைக்கத்தக்கது.

இனி, இளைஞரல்லாதார் நிலையை நோக்குவோம். மக்களை வளர்ப்பதற்காகப் பத்தாண்டு வேலையை விட்டிருந்த மாதும், ஆலை மூடப்பட்டமையால் நாற்பதாம் வயதில் வேறு தொழில் தேடும் குடும்பத் தலைவனும், சம்பளமின்றிப் பழகு என்றால் எவ்வாறு பழகுவர்? இளைஞனுக்குத் தந்தையின் கை உண்டு; இவர்கள் கையையோ பிறர் நோக்கியிருக்கின்றனர். மேலும், இவர்கள் ஒன்றுமறியாதாரல்லர்; முன் பெற்ற அனுபவத்தை உடன் கொண்டு வருகின்றனர். அவ்வனுபவத்தை இலவசமாய்ப் பெறுதல் இரட்டிப்பு அநியாயம். 2002-ம் வருஷத்தையொட்டி இந்திய அரசாங்கத்து விஞ்ஞானத் துறையார், இடையில் வேலையை நிறுத்திய பெண் விஞ்ஞானிகட்கு உபகாரச் சம்பளத்தோடு மீண்டும் ஆராய்ச்சி செய்யத் திட்டம் வகுத்தனர். இது நல்வழி. 2024-ல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி பயிற்சித் திட்டமோ, மாதம் 5,000 ரூபாய் அளிக்க முன்வந்தும், 21 முதல் 24 வயது வரையினர்க்கே என வரையறுத்தது. வாழ்க்கையில் ஒரு முறை இடறி விழுந்தவர்க்கு அதில் இடமில்லை.

பிறரைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம்மவர் நடத்தும் கடைகளிலும், அச்சுக்கூடங்களிலும், கணக்கர் ஆபீசுகளிலும், "நம் பிள்ளைதானே" என்று சொல்லிச் சம்பளமின்றி வேலை வாங்கும் வழக்கம் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? சென்ற ஆண்டு, தன் மகன் நகரத்தில் அறை வாடகை கொடுப்பதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த தாயொருத்தி எம்மிடம் வந்து, "வேலை எப்பொழுது நிரந்தரமாகும் ஐயா?" என்று கேட்டாள். அவள் மகன் உழைத்ததும் நம்மவர் ஒருவரிடமே. யாம் விடையின்றி நின்றோம். நம் பிள்ளை என்பது உண்மையாயின், அவன் பட்டினியும் நம்முடையதன்றோ?

ஆதலின் அங்கத்தினர்க்கு எமது விண்ணப்பம் மூன்று. பழக வருவோர்க்குப் பழகும் காலத்தையும் கற்பிக்கும் பொருளையும் முன்னரே எழுதிக் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்படின், உணவுக்கும் வாடகைக்கும் போதிய பணமேனும் கொடுங்கள். முன் அனுபவமுடையாரை முதல் நாளிலிருந்தே கூலியுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பொருள் வசதியில்லாத சிறு தொழிலாளர்க்குச் சங்கத்துக் கல்வி நிதியினின்று பகுதித் தொகை உதவுவதைப்பற்றி வரும் மகாசபைக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டுகின்றோம். வேலை செய்தால் கூலி, வேஷம் போட்டால் காசு என்பது நம் முன்னோர் பழமொழி. பழகுவோர்க்கு மாத்திரம் அது பொய்க்க வேண்டா என்பதே எமது துணிபு.