கொடுத்தது எதற்கு, போனது எங்கே



அய்யா விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் 60க்கு மேல் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. வன்கொடுமை நடந்த ஊர்களில் பெண்கள் அவரிடம் பேசியவை. ஆய்வாளர்கள் அவற்றைக் கேட்டு வருகிறார்கள். கொடுக்கலாமா, யாரைக் கேட்டுக் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோல்களோடு ஊர் ஊராகப் போய் நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள். தங்களில் நல்ல மாதிரிகளாகப் பார்த்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். இதை அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. உடலை அவர் எடுத்துப்போகவில்லை, எண்களை எடுத்துப்போனார். 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்த நூலில் அந்த எண்கள் இன்றும் நிற்கின்றன. ஓடிய பெண்களுக்கு விஷயம் ஏறக்குறையப் புரிந்திருந்தது என்றே நினைக்கிறோம்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. மூக்கின் அகலத்தை வைத்துச் சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லலாம் என்றார் ரிஸ்லி. அத்தகைய அளவுகளையே கையில் எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர்தாம் என்று 1948இல் வாதிட்டார் அம்பேத்கர். ஆகவே, எடுத்த தகவலை யாரும் தொடக்கூடாது, பூட்டிவைத்துவிடு என்று நாம் சொல்ல முடியாது. யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவர்களுக்கு அதன் பயணத்தில் சொல் உண்டா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் ஒரு சிறு மக்கள் கூட்டம் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்று ஒரு கிராமம். சாலை கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். அங்கே ஹவசுப்பாய் பழங்குடியினர் 650 பேர் அளவில் இருந்தார்கள். 1882இல் அரசு அவர்களை 518 ஏக்கருக்குள் அடைத்தது. போராடி, 1975இல்தான் சுமார் 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள்.

அவர்களைச் சர்க்கரை நோய் வாட்டியது. காரணம் என்ன என்று அவர்களே கேட்டதால், 1990இலிருந்து அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தார் வந்து 200க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய படிவத்தில் 'நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஆங்கிலம் பலருக்கு இரண்டாம் மொழி. சர்க்கரை நோய்க்காகத்தான் கொடுக்கிறோம் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

அந்த ரத்தம் ஃப்ரீசரில் இருந்தபடியே வேறு கேள்விகளுக்குப் போனது. மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம் முடிப்பதன் விளைவு, இவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள், அதன் காவலர்கள் என்பது ஹவசுப்பாய்களின் நம்பிக்கை. நிலத்தின்மேல் தங்களுக்குள்ள உரிமையையும் அதோடு சேர்த்தே அவர்கள் பார்க்கிறார்கள். இல்லை, நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே எழுதினார்கள். அறிவியலாக அது சரியாகவே இருக்கட்டும். அதைக் கேட்கச் சொல்லி அவர்கள் ரத்தம் கொடுக்கவில்லை.

2003இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரை நடந்தது. ஹவசுப்பாய்ப் பெண்ணும் அங்கே மாணவியுமான கார்லெட்டா டிலூசி பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். பேசப்படுவது தன் மக்களின் ரத்தம் என்று தெரிந்ததும் எழுந்து, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். நம் மாணவர்கள் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அறைக்குள் அவர் படிக்க வந்திராவிட்டால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

பழங்குடி மன்றம் பல்கலைக்கழகத்தாரை ஊருக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. வழக்கு தொடுத்தது. கையெழுத்து இருக்கிறதே, வாசகம் விரிவாகத்தானே இருந்தது என்பது ஆய்வாளர் தரப்பு. 2010 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர். மிச்சமிருந்த ரத்தமும் திரும்பக் கிடைத்தது. வாங்க வந்தவர்கள் ஃப்ரீசர் முன்னால் நின்று அழுதார்கள், பாடினார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சமரசம் என்பதால் எது சரி, எது தவறு என்று எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை.

தனி ஆளின் கையெழுத்து போதாது, சமூகத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று இந்த வழக்கை வைத்துச் சொல்கிறார்கள். ஹவசுப்பாய்களுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. நமக்கு? ஊர் என்றால் ஆதிக்கச் சாதித் தெரு. சேரிக்குள்ளே கேட்டாலும் பெண்ணுக்குப் பதிலாக ஆண் தலையாட்டுவான். அதே 2010 ஏப்ரலில் இந்திய அரசு ஒரு தடுப்பூசி ஆய்வை நிறுத்தியது. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்ட ஆய்வு. ஆந்திரத்தில் பழங்குடிப் பிள்ளைகளின் ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நமக்காகக் கையெழுத்துப் போட ஆள் எப்போதும் தயார்.

அடுத்தவரைச் சொன்னது போதும். நாங்களும் செய்திருக்கிறோம். பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவருக்கு நாடாக்கள் நான்கைப் பிரதியெடுத்துக் கொடுத்தோம். நம் பிள்ளைதான், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆய்வேட்டில் அந்த அம்மாவின் பெயரை மாற்றியிருந்தார். ஊரின் பெயரையும் கணவரின் வேலையையும் மாற்றவில்லை. அந்த ஊரில் அந்த வேலை பார்த்தவர் ஒரே ஆள். அந்த அம்மாவைப் பேசவைக்கும்போது, வழக்குக்காக என்று சொல்லித்தான் பேசவைத்திருந்தோம்.

போன மாசியில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னோம். கோபப்பட்டார். அப்புறம், போடுங்க கேக்கிறேன் என்றார். முழுதும் கேட்டார். நடுவில் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது கேசுக்குச் சொன்னது. என் மருமகளுக்கே தெரியாது. இதை வெளிய விடாதீங்க. மத்தத யாரு கேட்டாலும் குடுங்க, தெரியட்டும்."

அதை அப்படியே நாடாவின் உறைமேல் எழுதிவைத்திருக்கிறோம். மற்ற நாடாக்களையும் இப்படிக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும். சித்திரையில் 6 ஊர்களுக்குப் போகிறோம். கூட வர விரும்பும் மாணவர்கள், முக்கியமாகப் பெண்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.