தண்ணீரில் நடந்தவன்

ஈரி ஏரியின் முதல் நீராவிக் கப்பலை மாடு கட்டித்தான் இழுத்தார்கள். நிஜமாத்தான். 1818, பிளாக் ராக். நயாகரா ஆற்றின் இழுப்பை எதிர்த்து ஏரிக்குள் ஏற அந்தத் துடுப்புச் சக்கரங்களுக்குத் தெம்பு போதவில்லை. மாலுமிகள் மாடுகளுக்கு வைத்த பெயர் 'கொம்புக் காற்று'.

கப்பலின் பெயர் 'வாக்-இன்-தி-வாட்டர்', தண்ணீரில் நடப்பவன். வையண்டாட் பழங்குடித் தலைவர் ஒருவருக்கும் அதே பெயர். அந்த மக்கள் தங்கள் ஒஹையோ நிலத்தில் பெரும்பகுதியை ஒப்பந்தம் போட்டு இழந்தது 1817-ல். மறு வருஷமே இந்தப் பெயரோடு டெட்ராய்ட்டுக்கு ஆளேற்றிப் போகிறது கப்பல். மாட்டைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

1821 அக்டோபர் 31 மாலை கிளம்பியது, இரவுப் புயலில் சிக்கி, பஃபலோ அருகே கரைதட்டி உடைந்தது. யாரும் சாகவில்லை. எஞ்சினைக் கழற்றி அடுத்த கப்பலில் மாட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் 'சுப்பீரியர்'.