ஈ.எஸ்.ஐ.யும் முதல்வர் காப்பீடும்: ஒரு சிப்காட் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைத் தொழிலாளிக்கு அரசின் மருத்துவக் காப்பு இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு. மற்றொன்று, 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறிய திட்டம். ஈ.எஸ்.ஐ. வேலையோடு வருகிறது, காப்பீட்டு அட்டை ரேஷன் கார்டோடு வருகிறது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இதயமோ சிறுநீரகமோ பார்த்துக்கொள்ளலாம். பல உயிர்களைக் காத்த திட்டம் இது. ஆனால் அது மருத்துவமனைக்குத்தான் பணம் கொடுக்கிறது. மூன்று மாதம் படுத்துக் கிடப்பவரின் வீட்டு வாடகைக்கு அதில் வழியில்லை.

ஈ.எஸ்.ஐ.யின் பெருமை அங்கேதான் இருக்கிறது. 15,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 113 ரூபாய் பிடிக்கிறார்கள், ஆலை 488 ரூபாய் கட்டுகிறது. நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கைக்கு வரும். வேலையில் அடிபட்டால் 90 விழுக்காடு, குணமாகும்வரை. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இந்த உரிமை உண்டு. சூடான இரும்போடு மல்லுக்கட்டும் ஊரில் இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை என்பேன்.

தூரம் இரண்டுக்கும் பகை. ஈ.எஸ்.ஐ.யில் முதலில் மருந்தகம், பெரிய நோய் என்றால் சீட்டு வாங்கிக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை. முதல்வர் காப்பீட்டுக்கென்று பார்த்தால், மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததென்னவோ உண்மைதான். ஆனால் திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் பாதையில். ரயிலில் போகிறவர் சென்னைக்கு வந்துதான் மாற வேண்டும். அதற்குச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையே மேல்.

யாருக்கு எது கிடைக்கும் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். முதல்வர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரம்! ஆலையில் நிரந்தர வேலை கிடைத்தவுடனே குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000, அது நிர்ணயிக்கப்பட்டது 2017இல். கூலி உயர்ந்து 22,000 ஆனவர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். கம்பெனி குரூப் மெடிக்ளைம் எடுத்துக் கொடுத்தால் நல்லது. தானே பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். சம்பள உயர்வு ஒருவரின் காப்பைப் பறிக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

காண்ட்ராக்ட் ஆட்களின் சிக்கல் வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதற்குச் சான்று இருந்தால் முதல்வர் காப்பீட்டில் சேரலாம், ஆனால் அந்தச் சான்றுக்கு அலைந்தால் கூலி போகும். ஆகவே அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.தான் கதி. நோய்க்கால உதவிக்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், கட்ட வேண்டிய பொறுப்பு ஆலை முதலாளியுடையது என்று சட்டமே சொல்கிறது. சம்பளத்தில் பிடித்தது கணக்கில் ஏறியதா என்பதைக் காப்பீட்டு எண்ணைக் கொண்டு ஈ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய கணக்கு அது.