மணமகள் ஒப்பம் கேட்காத தாள்

ருவான்வெல்லையில் பால் வெட்டப் போகும் தோட்டத்துப் பெண் ஒருத்தி, கலியாண எழுத்தன்று மாப்பிள்ளையோடு தானும் ஒப்பமிடுகிறாள். எழுத வராவிட்டால் கைநாட்டு. அதே கடைவீதியில் அவளோடு தமிழ் பேசி வளர்ந்த முஸ்லிம் தோழியின் காவின் எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, சட்டம் கேட்பது மூன்று பேரின் ஒப்பம்: மாப்பிள்ளை, வலியாக (பெண்ணின் பொறுப்பாளராக) நிற்கும் தகப்பன், நிக்காஹ் நடத்தியவர். அவள் பெயர் இருக்கும், மாப்பிள்ளை அவளுக்குத் தரும் மஹர் தொகை இருக்கும். அவள் ஒப்பம் தேவையில்லை.

இந்தத் தாளின் பூர்வீகம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே ஒல்லாந்தர் தொகுத்த முஸ்லிம் சட்டக்கோவையை 1770இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைத் தங்கள் சட்டமாக்கினர். கண்டி இராச்சியத்து மண்ணாக இருந்த ருவான்வெல்லைப் பக்கம் அது ஏறி வந்தது 1852இல்தான். 1929இன் கட்டளைச் சட்டம் மணவிலக்கு வழக்குகளை விசாரிக்கும் காதிமாரைத் தந்தது. இன்றைய வடிவம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதன்படி காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். 12 வயதுக்குக் குறைந்த சிறுமிக்கும் காதியின் அனுமதியோடு மணம் எழுதலாம். இந்த வரியை எத்தனை முறை வாசித்தாலும் மனம் ஆறவில்லை.

ஒல்லாந்தர் தொகுத்து, ஆங்கிலேயர் திருத்தி, கொழும்பு நிறைவேற்றிய ஒன்றை அல்லாஹ்வின் சட்டம் என்று எப்படிச் சொல்வது? குர்ஆன் (4:21) திருமணத்தை உறுதியான உடன்படிக்கையாகக் காண்கிறது. உடன்படிக்கைக்கு இரண்டு பேர் வேண்டாமா?

அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்த வாசிப்பும் பத்தாவியாவின் அண்டை நாட்டிலிருந்தே கிளம்பியது. ஆமினா வதூத் குர்ஆனைப் பெண்ணின் இடத்திலிருந்து வாசித்து எழுதிய நூல் 1992இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. முஸ்லிம் குடும்பச் சட்டங்களில் சமத்துவம் கேட்கும் முஸாவா இயக்கமும் 2009இல் அங்கேதான் தொடங்கியது. இங்கே முஸ்லிம் பெண்கள் ஆய்வு மற்றும் செயல் முன்னணி 1980களிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. பள்ளிவாசலை விட்டு விலகாமல், மார்க்கத்துக்குள் நின்றே அந்தப் பெண்கள் நியாயம் கேட்டார்கள். இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை கைக்கு வர 2018 ஜனவரி ஆயிற்று. அதிலும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

காவின் எழுதும் பெரியவர்களே, சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். தாளைப் பெண்ணிடமும் நீட்டுங்கள். அவள் ஒப்பமிடட்டும்.