கர்த்தாஸ்: போர்த்துகீசியக் கடலாட்சியின் அனுமதிச் சீட்டு

கர்த்தாஸ் என்பது பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய ஆசிய வணிகர்களின் மரக்கலங்களுக்குப் போர்த்துகீசிய அதிகாரிகள் கட்டணம் பெற்று வழங்கிய பிரயாண அனுமதிச் சீட்டு. இச்சீட்டு இல்லாமல் நடுக்கடலில் அகப்பட்ட கப்பலைச் சரக்கோடு பறிமுதல் செய்யவும், அதில் உள்ளோரைச் சிறைப்பிடிக்கவும், எதிர்த்து நின்றால் கொல்லவும் தங்களுக்கு உரிமை உண்டென்று போர்த்துகீசியர் கொண்டிருந்தனர். உள்நாட்டில் அகன்ற ராஜ்யம் ஏதும் இல்லாமல், கடற்கரையோரக் கோட்டைகள் சிலவற்றையும் பீரங்கி பூண்ட கப்பல்களையும் மட்டுமே துணையாகக் கொண்டு, ஆப்பிரிக்காவின் சோபாலா முதல் சீனத்தின் மக்காவ் வரையில் அவர்கள் நூறாண்டுக்கு மேல் அதிகாரம் செலுத்திய விதத்தை அறிய விரும்புவோர், அவர்களுடைய போர்களைக் காட்டிலும் இச்சீட்டின் வரலாற்றையே முதலில் ஆராய வேண்டும்.

போர்த்துகீசியர் வருவதற்கு முன்பு இக்கடலில் சண்டையே இருந்ததில்லை என்று கூறுவது பொருந்தாது. கொள்ளைக் கப்பல்கள் எக்காலத்திலும் இருந்தன. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படையை ஏவிய செய்தியும் நாம் அறிந்ததே. ஆயினும் பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்த குஜராத்தியரும், அரேபியரும், சோழமண்டலக் கரைச் செட்டிகளும், மரைக்காயர்களும், மலாய் நாட்டாரும், சீனரும் துறைமுகத்தை அடைந்தபின் அவ்வத்துறைக்குரிய அரசனுக்குச் சுங்கம் செலுத்தினார்களேயன்றி, துறைக்கும் துறைக்கும் இடையே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பைக் கடப்பதற்காக எவரிடமும் அனுமதி பெற்று விலை கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கவில்லை. கள்ளிக்கோட்டைச் சாமூத்திரியும் மலாக்காவின் சுல்தானும் செல்வம் பெற்றது, வருகிற வணிகன் எந்நாட்டானாயினும் எச்சமயத்தானாயினும் அவனுடைய சரக்குக்குப் பாதுகாப்பும் வழக்குக்கு நியாயமும் அளித்து, அடுத்த பருவத்திலும் அவனைத் தம் துறைக்கே வரவழைத்த சாமர்த்தியத்தினால்தான்.

1415-இல் செயூத்தாவைக் கைப்பற்றிய போர்த்துகல், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தென்திசை நோக்கிப் படிப்படியாக முன்னேறி, 1488-இல் பர்த்தொலொமேயு தியாஸின் தலைமையில் அக்கண்டத்தின் தென்முனையைச் சுற்றியது. 1494-இல் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையின்படி, கேப் வேர்டு தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கற்பனைக் கோடு வகுத்து, ஐரோப்பாவுக்கு அப்பாற்பட்ட உலகத்தை ஸ்பெயினும் போர்த்துகலும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்ட நாடுகளின் மக்களை எவரும் கேட்டிலர். 1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா, மலிந்தியில் கிடைத்த மாலுமி ஒருவனின் வழிகாட்டுதலால் கள்ளிக்கோட்டைக்கு அருகில் நங்கூரம் பாய்ச்சினார். அவர் கொண்டுவந்த பண்டங்களை அங்காடியில் மதிப்பார் இல்லை. மிளகும் ஏலமும் பட்டும் பன்னாட்டுப் பொன்னும் குவிந்து கிடந்த சந்தையில், எளிய ஐரோப்பியச் சரக்கோடு வந்தவன் நேர்மையான வாணிகத்தால் பெறக்கூடியது சொற்பமே என்பதை அம்முதற் பயணத்திலேயே போர்த்துகீசியர் கண்டுகொண்டனர். ஆனால் இங்குள்ள கப்பல்களில் அவர்களுடையவற்றைப் போன்ற கனத்த பீரங்கிகள் இல்லை என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இவ்விரு உண்மைகளின் சேர்க்கையே மூலகாரணமாயிற்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1500-இல் வந்த போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கள்ளிக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கினார். 1502-இல் இரண்டாம் முறை வந்த ட காமா, மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்கள் நிறைந்த மீரி என்ற கப்பலை மறித்து, பயணிகள் கொடுக்க முன்வந்த பொருளையும் ஏற்காமல், பெண்டிரும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோருடன் தீயிட்டு அழித்தார். பிழைத்தோரில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் செய்விப்பதற்கென்று பிரித்தெடுக்கப்பட்ட குழந்தைகள். கொச்சி, கண்ணூர் முதலிய நட்புத் துறைகளின் கப்பல்களைத் தாக்காமல் விடுவதற்கு அடையாளமாகச் சீட்டு வழங்கும் வழக்கம் தோன்றியது இவ்வாண்டை ஒட்டித்தான். இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணுவது பிழையாகும். மீரி எரிந்த செய்தி கரையெங்கும் பரவியிராவிடில் சீட்டுக்கு மதிப்பே ஏற்பட்டிராது; எந்த ஆபத்தினின்று வணிகனைக் காப்பதாகச் சீட்டு உறுதி கூறியதோ, அந்த ஆபத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியவர்கள் சீட்டை விற்றவர்களே.

இதற்குச் சட்ட நியாயம் ஒன்றும் தேடப்பட்டது. மன்னர் மனுவேல், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வாணிகத்துக்கும் தாமே அதிபதி என்று பட்டம் சூட்டிக்கொண்டார். 1552-இல் வெளிவரத் தொடங்கிய தம் ஆசிய வரலாற்றில் ஜொவாவ் தெ பாரோஸ் அப்பட்டத்துக்கு விளக்கம் தருமிடத்து, கடல் யாவர்க்கும் பொது என்ற ரோமானியச் சட்டக் கொள்கையை மறுக்கவில்லை. அப்பொதுவுரிமை ஐரோப்பாவில் கிறிஸ்துவின் சட்டத்துக்கும் ரோமானியச் சட்டத்துக்கும் உட்பட்டு வாழ்வோர்க்கே உரியதென்றும், அவற்றுக்குப் புறம்பான முஸ்லிம்களுக்கும் பிற சமயத்தார்க்கும் உரியதன்று என்றும் வாதிட்டார். கல்வியிற் சிறந்த ஒருவர், பலகாலமாக ஒரு கடலை ஆண்டு அனுபவித்துவந்த மக்கள் அனைவரையும் ஒரே வாக்கியத்தில் அக்கடலுக்கு அந்நியராக்கிவிட முடிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் வேதனையுறுகிறது.

கொள்கை நடைமுறைக்கு வருவதற்குக் கோட்டைகள் தேவைப்பட்டன. முதல் அரசப் பிரதிநிதியான பிரான்சிஸ்கோ தெ அல்மெய்தா 1509 பிப்ரவரியில் குஜராத்தின் தீவ் (டையூ) துறைக்கு எதிரே எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டை ஆகியவற்றின் கூட்டுப் படையை முறியடித்தார். அவருக்குப் பின் வந்த அபொன்சோ தெ அல்புகெர்க்கே 1510-இல் கோவாவையும், 1511-இல் மலாக்காவையும், 1515-இல் பாரசீக வளைகுடாவின் வாயிலான ஓர்முஸையும் வசப்படுத்தினார். கடலின் இடுக்கமான வாயில்களைப் பிடித்துவிட்டால் கடல் முழுவதையும் பிடித்ததாகும் என்பது அவருடைய யுக்தி. செங்கடலின் வாயிலைக் காக்கும் ஏடனை மட்டும் 1513-இல் முற்றுகையிட்டும் அவரால் பற்ற முடியவில்லை.

சீட்டில் கப்பலின் பெயரும் கொள்ளளவும், நாயகனின் பெயரும், ஆட்களின் தொகையும், ஏந்திய ஆயுதங்களும், புறப்படும் துறையும் சேரும் துறையும் குறிக்கப்பட்டன. மிளகு முதலாகப் போர்த்துகீசிய மன்னர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட பண்டங்களை ஏற்றலாகாது. துருக்கியர் முதலிய பகைவரை ஏற்றிச் செல்லலாகாது. போர்க் கருவிகளைக் கொண்டுசெல்லலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போகும்போதோ வரும்போதோ குறிப்பிட்ட போர்த்துகீசியக் கோட்டையை அடைந்து சுங்கம் செலுத்தியாக வேண்டும். இவற்றுள் ஒன்றை மீறினும் சீட்டு செல்லாததாகிவிடும். கைப்பற்றப்பட்ட கப்பலின் பொருளில் கைப்பற்றியவர்களுக்கும் பங்கு கிடைத்ததால், குறை காண்பதில் மாலுமிகள் எத்துணை ஊக்கம் காட்டியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சீட்டின் விலை அற்பமே. இதைக் கொண்டு அதன் சுமையை அற்பமென்று முடிவு கட்டிய சிலர் சுங்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தம் சொந்தத் துறையிலிருந்து நேரே செங்கடலுக்குச் செல்லக்கூடிய குஜராத்தி வணிகன், தீவ் துறையில் 1535-இல் எழுந்த போர்த்துகீசியக் கோட்டையை நாடி, காத்திருந்து, வரி கொடுத்து, மீண்டும் பாய் விரிக்க நேர்ந்தது. ஓர்முஸ், கோவா, தீவ், மலாக்கா ஆகிய நான்கு சுங்கச்சாவடிகளும் ஆசியாவில் போர்த்துகீசிய அரசின் உயிர்நாடியாயின. அரேபிய, பாரசீகக் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்களைக் கோவாவுக்கே திருப்பியதன்மூலம், விசயநகரமும் பீசப்பூரும் தமது குதிரைப்படைக்காக அத்துறையை எதிர்பார்த்து நிற்கும் நிலையையும் அவர்கள் உண்டாக்கினர்.

எனினும் பரந்த கடல் ஒரு சீட்டுக்கு முற்றும் அடங்கவில்லை. ஏடன் கைவசப்படாத குறை நாளடைவில் பெரிதாயிற்று. சுமாத்திராவின் அச்சே நாட்டார், மலையாளக் கரையைத் தொடாமல் மாலத்தீவுகளின் வழியே மிளகைச் செங்கடலுக்கு நேரே கொண்டுசென்றமையால், அற்றுப்போகும் நிலையை அடைந்திருந்த வெனீசிய மிளகு வாணிகம் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் தழைத்தது. கோட்டைத் தலைவர்களோ பெரும்பாலும் மூன்றாண்டுக் காலமே பதவி வகித்தவர்கள். அதற்குள் பொருளீட்டிக்கொள்ளும் நோக்கத்தால், கையூட்டுப் பெற்றுத் தகாதவர்க்குச் சீட்டு வழங்கியும், சீட்டுப் பெற்ற கப்பலையே பறித்தும் தம் அரசனின் கட்டளையைத் தாமே சிதைத்தனர். சோழமண்டலக் கரையில் நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலும் குடியேறிய போர்த்துகீசிய வணிகர்கள் கோவாவின் ஆணைக்கு வேண்டியபோது உட்பட்டும் வேண்டாதபோது உட்படாமலும் தம் சொந்த வியாபாரத்தை நடத்திவந்தனர்.

இம்முறையை ஏற்க மறுத்து நெடுங்காலம் ஆயுதம் ஏந்தி நின்றவர்கள் மலையாளக் கரையின் மரைக்காயர்கள். சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலிகள், பெரிய போர்க்கப்பல்கள் பின்தொடர முடியாத ஆழமற்ற உப்பங்கழிகளிலிருந்து துடுப்புப் படகுகளைச் செலுத்திவந்து தாக்கி மறைந்தனர். போராட்டம் தமிழ்க் கரைக்கும் பரவியது. முத்துக்குளித்துறையில் முஸ்லிம் வணிகர்களோடு பகை கொண்டிருந்த பரவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பல்லாயிரவராகக் கிறிஸ்தவ சமயம் புகுந்தனர். 1538-இல் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் சாமூத்திரியின் கடற்படை மார்த்திம் அபொன்சோ தெ சோசாவிடம் தோல்வியுற்றது. முத்துக் குளிப்பின்மேல் போர்த்துகீசியர் பெற்ற அதிகாரத்துக்கு இவ்வெற்றி அரணாயிற்று. அதே கரையில் உழைத்த பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கசின் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. பீரங்கி வந்த கப்பல்களிலேயே அச்சுக்கலையும் வந்தது என்பதை இரண்டையும் மறைக்காமல் கூறுவதே வரலாற்றுக்கு அழகு. நான்காம் குஞ்ஞாலி, தம் அரசனான சாமூத்திரியே போர்த்துகீசியரோடு சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டபோது 1600-இல் சரணடைந்து, கோவாவில் சிரச்சேதம் செய்யப்பட்டார். பல்லாண்டுகள் தமக்காகப் போரிட்ட குலத்தை அரசன் கைவிட்ட இந்நிகழ்ச்சி, அக்கரையின் வரலாற்றில் மிகவும் துயரமான ஒன்று.

நிலத்தில் நிகரற்று விளங்கிய முகலாயரும் கடலில் சீட்டுக்குத் தலைவணங்கினர். அக்பரின் அத்தை குல்பதன் பேகம் மக்காவுக்கு யாத்திரை புறப்பட்டபோது, இச்சீட்டுக்காகச் சூரத்தில் நெடுநாள் தங்க நேர்ந்தது. சீட்டில் மரியாளும் ஏசுவும் பொறிக்கப்பட்டிருந்தமையால், அதை ஏந்தி யாத்திரை செல்வது இஸ்லாத்துக்கு ஒவ்வாதென்று அக்பரின் அவையில் வாதம் எழுந்ததை வரலாற்றாசிரியர் பதாவுனி எழுதிவைத்துள்ளார். 1613-இல் ஜகாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ரஹீமீ என்ற பெருங்கப்பலை, முறைப்படி சீட்டுப் பெற்றிருந்தும், போர்த்துகீசியர் சூரத்துக்கு அருகில் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயரைச் சூரத்தில் அனுமதித்ததற்காக முகலாயரை மிரட்டுவதே அவர்கள் கருத்து. ஆனால் விளைவு எதிர்மாறாயிற்று: ஜகாங்கீர் தாமன் கோட்டைக்குப் படை அனுப்பினார், ஆங்கிலேயரின் செல்வாக்கு முன்னிலும் உயர்ந்தது. பேரரசனின் தாய் வைத்திருந்த சீட்டையே மதியாதவர்கள், எளிய வணிகனின் சீட்டை மதிப்பார்கள் என்று இனி எவன் நம்புவான்?

போர்த்துகீசியரின் உரிமையை ஐரோப்பியர்களே வன்மையாக மறுக்கத் தொடங்கினர். 1603-இல் சிங்கப்பூர் நீரிணையில் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களுக்காக வாதாடப் புகுந்த கிரோஷியஸ், கடல் எவர்க்கும் உடைமையாகாது என்ற கொள்கையை 1609-இல் நூலாக வெளியிட்டார். அந்நூல் பிற்காலச் சர்வதேசச் சட்டத்துக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஆனால் அக்கொள்கையால் பயன்பெற்ற டச்சுக் கம்பெனி, மலாக்காவை 1641-இலும், கொழும்பை 1656-இலும், தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் 1658-இலும், கொச்சியை 1663-இலும் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தபின், அத்துறைகளின் வணிகர்களுக்குத் தானே சீட்டு வழங்கியது. நாகூர், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து துணி ஏற்றிக் கீழைத் துறைகளுக்குச் செல்வோர், இனி டச்சுக்காரரின் சீட்டைக் கேட்டு நிற்க வேண்டியவராயினர். ஆங்கிலக் கம்பெனியும் அவ்வழியே சென்றது.

இந்திய அரசுகளுள் அதே முறையைத் திருப்பிக் கையாண்டவர்கள் மராட்டியர். அவர்களுடைய கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கிரே, கொங்கணக் கரையை ஒட்டிச் செல்லும் கப்பல்கள் தம்முடைய தஸ்தக் என்னும் சீட்டைப் பெற வேண்டும் என்று விதித்து, பெறாதவற்றைப் பிடித்தார். இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பியர் செய்துவந்ததும் இதுவே. ஆயினும் அவர்கள் அவரைக் கடற்கொள்ளைக்காரர் என்றனர். 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் கூடிக் கொலாபாக் கோட்டையைத் தாக்கித் தோற்றனர். 1729-இல் அவர் இறந்தபின் அவருடைய மக்களிடையே மூண்ட பிளவும், மராட்டிய முதலமைச்சரான பேஷ்வாவுடன் ஏற்பட்ட பகையும் அக்கடற்படையை நலிவித்தன. 1756-இல் பேஷ்வாவின் துணையோடு ஆங்கிலத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் விசயதுர்க்கத்தைப் பிடித்து, அங்கு நின்ற ஆங்கிரே குலத்தாரின் கப்பல்களை எரித்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1759-இல், சூரத்துக் கோட்டையும் முகலாயரின் கடற்படைத் தலைமைப் பதவியும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன; அது முதல் மேற்குக் கரை வணிகர்கள் தம் கப்பலுக்குப் பாதுகாப்பு வேண்டிப் பம்பாயை நாடினர்.