நடுச்சாமப் படபடப்பும் எட்டுக் கேள்விகளும்

மலைநாட்டு ரயில் பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அதைச் சுற்றிய தோட்டங்களில் யாராவது, "ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சு எழுப்பிவிடுது" என்று சொன்னால், பயந்திருப்பாய் என்பார்கள், வாயு என்பார்கள், உடம்பில் பலமில்லை என்பார்கள். டிஸ்பென்சரியிலிருந்து பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுத்தால், பகல் பத்து மணிக்கு இருதயம் ஒழுங்காகத்தான் துடிக்கும். அதே மனிதர் இரவில் விடும் குறட்டையைப் பற்றி வைத்தியரிடம் எவரும் வாய் திறப்பதில்லை. வைத்தியர் கேட்காதபோது அது ஒரு வருத்தமென்று யாருக்குத் தோன்றும்?

இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பதால், குறட்டையையும் படபடப்பையும் ஒரே வாயால், ஒரே தடவையில் சொல்ல வேண்டும். அதற்கு உதவுகிற சிறிய மூல வாசகம் ஒன்று உண்டு. கனடாவின் டொரொன்டோவில் மயக்க மருந்து வைத்தியரான பிரான்சிஸ் சங்கும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் அவை. ஸ்டொப்-பேங் என்று பெயர். சத்திரசிகிச்சைக்கு வருபவர்களில் யாருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று முன்கூட்டியே அறிவதற்காக எழுதப்பட்டவை. மயக்க மருந்து தொண்டைத் தசைகளைத் தளர்த்திவிடும். ஏற்கெனவே அடைபடும் தொண்டைக்கு அது ஆபத்து. நோக்கம் இதுவாகையால் எட்டில் ஒரு கேள்வியும் படபடப்பைப் பற்றிப் பேசவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே இங்கே பொருள் சொல்கிறேன்.

"சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா?"

பேச்சுச் சத்தத்தை விட உரக்க, அல்லது மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு என்பது மூலத்தின் அளவுகோல். லயத்துக்கு இரண்டாவது அளவுகோல் பொருந்தாது. ஒரே சுவரின் இரு பக்கமும் இரு குடும்பங்கள் படுத்திருக்கும் காம்பராவில் இருமல்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆகவே சத்தத்தின் அளவைவிட அதன் போக்கைக் கவனிப்பது நல்லது. ஒரே சீராக ஓடும் குறட்டை பெரும்பாலும் வெறும் குறட்டைதான். படிப்படியாக ஏறி, திடீரென்று அறுந்து, பிறகு ஒரு பெரிய இழுப்போடு திரும்புகிற குறட்டையை அப்படி விட்டுவிடக்கூடாது. அசந்து தூங்குகிறார் என்று அதைக் கேட்டு வீட்டார் நிம்மதியடைவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த நேரத்தில் அவர் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கலாம்.

"பகலில் களைப்பாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருக்கிறதா?"

மூலத்தில் இந்த இடம் நம் ஊருக்கு எளிதில் ஒத்துவராது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் ஒருவரிடம் களைப்பா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகையும் பரவலாக உண்டு. அதுவும் களைப்பைத் தரும், நெஞ்சைப் படபடக்கவும் வைக்கும். எனவே களைப்பை விட்டுத் தூக்கத்தைக் கேட்க வேண்டும். பண்டாரவளை பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தலை சாய்கிறதா, பேச்சின் நடுவில் கண் செருகுகிறதா, இரவு முழுதும் படுத்தும் காலையில் தலை பாரமாக எழுகிறாரா என்று. அவர் லொறியோ முச்சக்கரவண்டியோ ஓட்டுபவரானால், இந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றாலே வைத்தியரிடம் போய்விட வேண்டும். வளைவுக்கு வளைவு பள்ளம் பார்க்கும் பாதை இது.

"தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா?"

எட்டுக் கேள்விகளுக்கும் உயிர் இதில்தான். நோயாளி தன்னைப் பற்றித் தானே பதில் சொல்ல முடியாத கேள்வி இது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பாகம் பின்னால் விழுந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. நெஞ்சும் வயிறும் இழுத்து இழுத்துப் பார்க்கும். காற்று உள்ளே போகாது. 10 செக்கனோ அதற்கு மேலோ அப்படி நின்றால் ஒரு தடை என்று கணக்கு. அந்நேரம் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. பலருக்கு இருதயத் துடிப்பும் மெதுவாகிறது. மூளை பொறுக்க முடியாமல் அரை விழிப்புக் கொடுக்கிறது. தொண்டை திறக்கிறது, அட்ரினலின் பாய்கிறது, துடிப்பு சட்டென்று எகிறுகிறது, இரத்த அழுத்தமும் அதோடு ஏறுகிறது. பிறகு மீண்டும் தூக்கம், மீண்டும் தடை. மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் இலேசான மூச்சுத்தடை நோய், 30ஐத் தாண்டினால் கடுமையானது.

இத்தனை விழிப்புகளில் ஒன்றோ இரண்டோதான் அவர் நினைவில் நிற்கும். அப்போது அவர் அறிவது நெஞ்சு அடிப்பதை மட்டுமே. மூச்சு நின்றபோது அவர் தூக்கத்தில் இருந்தார். மூச்சு நின்றதை அறிந்தவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவரோ, அம்மாவோ. ஆகவே கிளினிக்குக்கு அவர்களும் கூடப் போக வேண்டும். கூடப் போனால் வேலைக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்று தனியாக அனுப்பினால் பாதிச் சாட்சியம் வீட்டிலேயே தங்கிவிடும். போக முடியாவிட்டால், பிள்ளையின் போனில் இரண்டு நிமிடம் அந்தக் குறட்டையைப் படம்பிடித்துக் கொடுத்தனுப்பலாம்.

"உயர் இரத்த அழுத்தம் உண்டா, அதற்கு மருந்து எடுக்கிறீர்களா?"

கிளினிக் கொப்பியைத் திறந்தால் விடை கிடைக்கும். மூன்று வகை மாத்திரை ஒழுங்காக விழுங்கியும் பிரஷர் இறங்காதவரிடம் குறட்டையைப் பற்றி அவசியம் விசாரிக்க வேண்டும். இரவு தோறும் ஏறும் அழுத்தம் பகலிலும் தங்கிவிடுகிறது. இருதயத்தின் மேலறைகளும் இழுபட்டு, ஒழுங்கில்லாத துடிப்பு பிடித்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 2003இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அந்த ஒழுங்கற்ற துடிப்பை மின்னதிர்வால் சரிசெய்துகொண்டவர்களில், மூச்சுத்தடைக்குச் சிகிச்சை இல்லாதிருந்தோரில் 82 வீதமானோருக்கு ஓராண்டுக்குள் அது திரும்பி வந்தது. சிகிச்சை பெற்றோரிடம் 42 வீதம். இருதய மாத்திரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல?

"உடல் நிறைச் சுட்டெண் 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா? ஆணா?"

வயதுக்கு உரை வேண்டாம். கழுத்தைத் தையல்காரரின் டேப்பால் அளந்துவிடலாம். 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்த நான்கில் முதற் கேள்வியை நம்மவருக்கு அப்படியே ஏற்க முடியாது. 165 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர் 95 கிலோவைத் தாண்டினால்தான் 35 வரும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே கேடு தொடங்குகிறது என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 என்ற எல்லைகளையும் சேர்த்தது. அதே உயரத்துக்கு 27.5 என்பது 75 கிலோ. தாடை சிறுத்தவர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் மூச்சுத்தடை வரலாம்.

கடைசிக் கேள்வி ஆணுக்கு ஒரு புள்ளி கொடுக்கிறது. ஆண்களிடம் இது கூடுதல் என்பது உண்மை. என்றாலும் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடமும் ஏறிவிடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, தூக்கமில்லை, களைப்பு, நெஞ்சு படபடப்பு என்றே சொல்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு கொழுந்துக்காரி, மெலிந்த கழுத்தும் மெலிந்த உடம்புமாக வந்தால், இந்தக் கணக்கில் அவளுக்கு வயதையும் களைப்பையும் தவிர வேறு புள்ளியே விழாமல் போகலாம். இந்த இடத்தில் மூலத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

3 அல்லது 4 'ஆம்' என்றால் சந்தேகம் நடுத்தரம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் பலமானது. இது நோய் இருக்கிறது என்ற தீர்ப்பாகாது. உறுதி செய்ய, இரவு முழுவதும் மூச்சையும் ஒட்சிசனையும் துடிப்பையும் பதியும் பரிசோதனை வேண்டும். தைரொயிட் மிகுதி, மாத்திரையாலோ இன்சுலினாலோ இரவில் சீனி இறங்குதல், ஆஸ்துமா மருந்து, மனப்பதற்றம் ஆகியவையும் நடுச்சாமத்தில் நெஞ்சை அடிக்கவைக்கும். வைத்தியர் அவற்றையும் பார்ப்பார். நெஞ்சுவலியோ மயக்கமோ அடங்காத மூச்சிரைப்போ சேர்ந்தால் விடியும்வரை காத்திராமல் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.

நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி உண்டு. சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அதை அறிமுகப்படுத்தினார். அதன் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது என்பது பெரிய குறை. ஆனால் பக்கவாட்டில் படுப்பதற்கும், இரவில் சாராயத்தை நிறுத்துவதற்கும், தூக்க மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் விழுங்காதிருப்பதற்கும் காசு தேவையில்லை. இலேசான நோயுள்ள பலருக்கு இவற்றாலேயே மூச்சுத்தடை குறைகிறது. படபடப்பும் அதோடு குறைகிறதா என்பதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்தால், அடுத்த முறை வைத்தியருக்கு அந்தப் பக்கமே பேசும்.