வண்ணம் தீட்டிய நிழற்படங்களும் ஜொகூர்த் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்ட நிருவாக அறிக்கைகள், குடிநுழைவுப் பதிவுகள், நாளிதழ்கள் ஆகியவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்கின்றனர். வீட்டுச் சுவரில் மாலையுடன் தொங்கும் படத்தைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அவற்றுள்ளும் கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது கையால் வண்ணம் தீட்டப்பட்டவை, உண்மைக்குப் புறம்பானவை எனக் கருதி ஒதுக்கப்படுவதுண்டு. அவ்வண்ணமும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பதை ஜொகூர் மாநிலத்தை முன்னிறுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

நிழற்படக் கலை 1839-இல் பாரிசில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மிகச் சில ஆண்டுகளிலேயே சுவிட்சர்லாந்து ஓவியர் யோகான் பாப்டிஸ்ட் இசென்ரிங், வண்ணப் பொடியைப் பிசினுடன் சேர்த்துப் படத்தின்மேல் ஏற்றினார். 1860-களில் ஜப்பானின் யோக்கோகாமா நகரில் பெலிசே பெயாத்தோ நடத்திய கூடம், நீர்வண்ணம் தீட்டிய படங்களால் புகழ்பெற்றது. ஜொகூரைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் அரசரையும் அரண்மனையையும் படமெடுத்தது. அக்காலத்தில் நிழற்படம் செல்வர்க்குரிய பொருளாகவே விளங்கியது.

செய்முறை

வண்ணம் தீட்டுவதற்குமுன் படம் பெரும்பாலும் செப்பியாக் கரைசலில் தோய்க்கப்படும். படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறுவதால் கருமை நீங்கி இளம்பழுப்பு தோன்றும். மேனி நிறத்திற்கு அதுவே அடித்தளம். வழுவழுப்பான தாளில் எண்ணெய் வண்ணம் நன்கு பற்றாது. ஆதலின் பளபளப்பற்ற தாளையே தேர்ந்தனர். குச்சியில் சுற்றிய பஞ்சால் வண்ணத்தைத் தேய்த்து, மிகுதியைத் துடைத்தெடுப்பர். பொட்டு, நகை, உதடு ஆகியவற்றிற்கு நுண்தூரிகை பயன்பட்டது. ஒளி ஊடுருவும் வண்ணமாதலால் அடியிலுள்ள ஒளியும் நிழலும் மறைவதில்லை. இப்பண்பு ஆய்வாளருக்குப் பெரிதும் துணைபுரிவதாகும்.

அடையாள அட்டையும் வழிபாட்டுப் படமும்

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, 12 வயதிற்கு மேற்பட்ட அனைவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருப்பது கட்டாயமாயிற்று. ஆயுதப் போராட்டம் கடுமையாக நிகழ்ந்த மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் பால்மரம் சீவிய தொழிலாளர் பலர்க்கு அவ்வட்டைப் படமே முதற்படமாக அமைந்தது. அவர் மறைந்தபின் வேறு படம் இல்லாத குடும்பத்தார், அச்சிறு படத்தையே பெரிதாக்கி வண்ணம் தீட்டச் செய்தனர். ஆட்சி தன் கண்காணிப்பிற்காக எடுத்த முகம், இவ்வாறு வீட்டார் விளக்கேற்றி வணங்கும் முகமாயிற்று.

வண்ணம் கூறும் செய்தி

சேலையின் நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் பதிவு செய்யாது. வண்ணம் தீட்டுபவர், சிறுநகர்களில் பெரும்பாலும் சீனர், குடும்பத்தாரின் வாய்மொழியையே நம்பினார். எனவே அவ்வண்ணத்தில் மூன்று கூறுகள் கலந்துள்ளன. முதலாவது, வீட்டார் நினைவில் வைத்திருந்த நிறம். இரண்டாவது, அவர்கள் விரும்பிய நிறம்: வாழ்நாளில் அணியாத பட்டும் பொன்னும் இதில் அடங்கும். மூன்றாவது, வண்ணப் பெட்டி திணித்த நிறம்: மேலைநாட்டார் ‘மேனி நிறம்’ எனப் பெயரிட்டு விற்ற வண்ணம் வெளிறிய தோலுக்கென அமைந்தது, அதனால் நம் முன்னோர் பலர் படங்களில் தம் இயல்பைவிடச் சிவந்து காணப்படுகின்றனர்.

இக்கூறுகளை ஓரளவு பிரித்தறிய இயலும். உண்மையில் அணிந்திருந்த சங்கிலி கழுத்தில் நிழல் வீழ்த்தும்; அந்நிழல் அடிப்படத்தில் இருக்கும். நிழலின்றித் தட்டையாக மின்னும் சங்கிலி பின்னர் வரையப்பட்டதாகலாம். அதனைப் பொய் எனத் தள்ளுதல் பொருந்தாது. அச்சங்கிலியைப் பூட்டிப் பார்க்க விரும்பியவர் யார், ஏன் என்னும் வினாவே நமக்கு வேண்டுவது. கூலிப் பதிவேட்டில் எண்ணாக இருந்தவரின் குடும்பம் அவரை எவ்வாறு நினைவுகூர விரும்பியது என்பதற்கு இதனினும் நேரான சான்று அரிது.

முடிவுரை

வண்ணப் படச்சுருள் பரவலானபின் இத்தொழில் நலிந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாற, குடும்பங்கள் ஜொகூர் பாருவிற்கும் பாசிர் கூடாங்கிற்கும் பெயர்ந்தன. இடம்பெயர்வில் படங்களும் சிதைகின்றன. ஈரப்பதத்தால் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரித்தெடுத்தால் மேற்பூச்சு கிழியும். சட்டத்துடனேயே படியெடுத்தல் நன்று. தமிழாசிரியர் மாணவர்க்கு ஒரு சிறு பணியினை அளிக்கலாம்: படத்திலிருப்பவர் பெயர், ஊர், தோட்டம், நிறத்தைச் சொன்னவர் யார் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதிவரச் செய்தல். படத்தை நாம் பின்னரும் படியெடுக்கலாம். நிறத்தைச் சொன்னவரின் நினைவை அவர் இருக்கும்போதே பதிவு செய்தல் வேண்டும்.